கைப்பிடியைச் சுற்றினால் பறவை பாதியில் நின்றுவிடுகிறது. எந்த வடிவம் வெட்டினால் சிக்காது?

அட்டைப்பெட்டி அப்பா

வணக்கம். எட்டு வயது மகளுக்குப் பொம்மை செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவன் எழுதுகிறேன்.

பெட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பெட்டிமேல் இருக்கும் பறவை ஏறி இறங்கிச் சிறகடிக்க வேண்டும். இதுதான் திட்டம். புதிதாக எதையும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்பது மகள் போட்ட நிபந்தனை. அவள் பறவையை முதல் நாளே வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டியும் வைத்துவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்தான்.

இதுவரை செய்தது: ஷூ வந்த அட்டைப்பெட்டியை நீளவாக்கில் நிமிர்த்தி, திறந்த பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். அகலம் 30 செ.மீ., உயரம் 19, ஆழம் 11. இடப்பக்கச் சுவரிலிருந்து வலப்பக்கச் சுவர் வரை 3 மி.மீ. மூங்கில் குச்சி, அதுதான் அச்சு. ஒரு குச்சியின் நீளம் போதாததால் இரண்டை ஒரு ஸ்ட்ரா துண்டுக்குள் செருகி நடுவில் ஒட்டினேன். அச்சுக்கான துளை தரையிலிருந்து 3.5 செ.மீ. உயரத்தில். நெளி அட்டையில் 5 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுப்புள்ளியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளித் துளையிட்டு அச்சில் கோத்தேன். அந்த வட்டத்தின் விளிம்பில் இன்னொரு குச்சி கூர்முனையோடு நிற்கிறது. அது கூரையில் ஒட்டிய 1 செ.மீ. ஸ்ட்ரா துண்டு வழியாக மேலே வந்து பறவையைத் தாங்குகிறது.

நடப்பது இதுதான். பாதிச் சுற்று நன்றாக வருகிறது. அப்புறம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. அழுத்திச் சுற்றினால் அச்சு மட்டும் சுற்றுகிறது, வட்டம் அப்படியே நிற்கிறது. மேலே போகும் குச்சியோ சாய்ந்து சாய்ந்து விளிம்பிலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. சிறகுகளை டேப்பால் கீல் போல ஒட்டி, நூல் கட்டி இழுத்துப் பார்த்தேன். கீழே வருகின்றன, மேலே போக மாட்டேன் என்கின்றன.

வட்டத்தில்தான் கோளாறு என்று நினைத்து முட்டை வடிவம், இலை வடிவம் என்று ஐந்து வெட்டிப் பார்த்துவிட்டேன். ஐந்தும் சிக்குகின்றன. எந்த வடிவம் வெட்டினால் சிக்காது என்று யாராவது சொல்லுங்களேன்.

அவசரக்காரன்

பழைய பொம்மைக் கார் ஒன்றை உடைத்தால் உள்ளே மோட்டார் இருக்கும். அதை மாட்டிவிட்டுப் பேட்டரியைச் சொருகுங்கள். மூன்று ஞாயிறு போனது போதும், நாலாவது ஞாயிறாவது தூங்கலாம்.

மிஷின் மெக்கானிக்

தம்பி, மோட்டார் வேண்டாம். கையால் சுற்றும்போது எங்கே இடிக்கிறது என்று கைக்குத் தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அட்டையைக் கிழித்துக்கொண்டே சுற்றும்.

நான் 35 வருடமாகத் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். நீங்கள் வெட்டி வைத்திருக்கும் அந்தத் தள்ளித் துளையிட்ட வட்டத்தை நாங்கள் கேம் என்போம். அதன் மேல் ஏறி இறங்கும் குச்சிக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், நான் ஏறுகுச்சி என்றே எழுதுகிறேன். உங்கள் கேமின் வடிவத்தில் ஒரு தப்பும் இல்லை. அறுபது வடிவம் வெட்டினாலும் அறுபதும் சிக்கும். காரணம் நீங்கள் கொடுத்த அளவிலேயே இருக்கிறது.

விட்டம் 5 செ.மீ. என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு 2.5. துளை நடுவிலிருந்து 1.5 தள்ளி இருக்கிறது. ஆக, துளையிலிருந்து ஒரு பக்க விளிம்புக்கு 1 செ.மீ., எதிர்ப்பக்க விளிம்புக்கு 4 செ.மீ. சரியா? உங்கள் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? 3.5. ஒவ்வொரு சுற்றிலும் அந்த 4 செ.மீ. பக்கம் கீழே வரும்போது தரையில் இடிக்கிறது தம்பி! அட்டைத்தரை கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் இடிப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பெட்டியின் தரையைத் தடவிப் பாருங்கள், ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

இதை வைத்து ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்றால் எதுவோ எதிலோ இடிக்கிறது. சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் உராய்வு. ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் ஓடாவிட்டால் எங்கோ ஆடுகிறது, அல்லது வழுக்குகிறது. வாடிக்கையாளர் மிஷினைக் கொண்டுவந்து வைத்ததும் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஒரு விரலால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுவேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சாய்கிற குச்சிக்கு வருவோம். இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொழில் பழகிய புதிதில் ஒரு மிஷின் வந்தது. ஊசி உடைந்துகொண்டே இருந்தது. நான் ஊசியை மாற்றினேன். மறுநாள் திரும்பி வந்தது. மறுபடி மாற்றினேன். மூன்றாவது முறை வந்தபோது என் குரு ஊசியைப் பார்க்கவே இல்லை. ஊசி மாட்டியிருக்கும் கம்பியின் கீழ்முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினார். கம்பி ஆடியது. அந்தக் கம்பியை மேலே ஒரு புஷ்ஷும் (கம்பி ஓடும் உலோக வளையம்) கீழே ஒரு புஷ்ஷும் பிடித்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. கீழ்புஷ் தேய்ந்து போயிருந்ததால் ஊசி சாய்ந்து தகட்டில் குத்தியிருக்கிறது. நான் ஊசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் கேமைச் சொல்கிற மாதிரி.

உங்கள் ஸ்ட்ராவின் உள்துளை சுமார் 6 மி.மீ. இருக்கும். குச்சி 3 மி.மீ. ஆக 3 மி.மீ. ஆட்டம். அதை 1 செ.மீ. நீளத்தில் பிடித்தால் குச்சி 17 பாகை வரை சாய முடியும். அதே ஸ்ட்ராவை 6 செ.மீ. நீளத்துக்கு வைத்தால் 3 பாகைதான். ஆட்டம் அதே ஆட்டம்தான், பிடி நீளமாகிவிட்டது. சாய்ந்த குச்சி குழாயின் மேல்வாயில் ஒரு பக்கமும் கீழ்வாயில் மறுபக்கமும் கடித்துக்கொள்ளும். அப்புறம் கீழேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் கடி இறுகுமே தவிர குச்சி ஏறாது. இழுப்பறையை ஓரத்தில் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்குமே, அதேதான்.

அதனால் கூரையிலிருந்து 7 செ.மீ. கீழே ஒரு அட்டைப் பாலம் குறுக்கே ஒட்டுங்கள். ஸ்ட்ரா கூரையிலிருந்து பாலம் வரை ஒரே துண்டாக வரட்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் உடல் கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஸ்ட்ரா மாதிரி நசுங்காது. பசை வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. வெள்ளைப் பசை குழாய் வாய்க்குள் ஊர்ந்து போய் ராத்திரியோடு ராத்திரியாகக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். குச்சியில் முதலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

குச்சியின் கூர்முனை கேம் விளிம்பில் நேராக நிற்பதும் தப்பு. விளிம்பு சரிவாக வரும்போது அது குச்சியை மேலே தள்ளுவதோடு பக்கத்திலும் தள்ளும். உங்கள் கேமில் அந்தத் தள்ளல் ஒரு கட்டத்தில் 37 பாகை சாய்வில் வருகிறது. 30-க்கு உள்ளே வைப்பதுதான் வழக்கம். குச்சியின் அடியில் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து, தட்டைப்பக்கம் கேமைத் தொடுகிற மாதிரி ஒட்டுங்கள். தட்டையான பாதம் இருந்தால் விளிம்பு நழுவாது, தள்ளலும் நேர்மேலே போகும்.

துளையை 1.5 செ.மீ. தள்ளாமல் 8 மி.மீ. தள்ளிப் போடுங்கள். குச்சி ஏறுகிற உயரம் அந்தத் தள்ளலைப் போல இரண்டு மடங்கு, 16 மி.மீ. அவ்வளவு போதுமா என்று கேட்பீர்கள். போதும், கீழே சொல்கிறேன். பாதத்தைத் தொடும் புள்ளியும் 8 மி.மீ. இந்தப் பக்கம், 8 மி.மீ. அந்தப் பக்கம் என்று நகரும். 3 செ.மீ. அகல மூடிக்கு அது தாராளம். பழைய 15 மி.மீ. கணக்கில் போயிருந்தால் தொடுபுள்ளி மூடியின் ஓரத்துக்கே போயிருக்கும்.

கேம் அச்சில் வழுக்குவது பற்றி: ஒற்றை நெளி அட்டைக்குக் குச்சியைப் பிடிக்கும் சக்தி கிடையாது. மூன்று வட்டம் வெட்டி, நெளிக்கோடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டுங்கள். துளையைக் குச்சியைவிடச் சின்னதாகக் குத்தித் திருகி ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய சின்ன வில்லை ஒன்றைக் கோத்துக் கேமோடு ஒட்டிவிட்டால் அசையாது. செருப்பு ரப்பர் குச்சியைப் பிடிக்கிற பிடி இருக்கிறதே, அது வேறு எதற்கும் வராது.

அச்சை 5.5 செ.மீ. உயரத்துக்குத் தூக்குங்கள். 30 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. குச்சி, அதிலும் நடுவில் ஒட்டு! அது வளையாமல் என்ன செய்யும்? நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு வைத்து, அச்சை வலப்பக்கப் பாதியில் மட்டும் ஓட விடுங்கள். ஒட்டு இல்லாத ஒரே குச்சி போதும்.

எண்ணெய் மட்டும் விடாதீர்கள். வாழ்நாள் முழுக்க எண்ணெய்க் கையோடு திரிந்தவன் சொல்கிறேன், அட்டை எண்ணெய் குடித்தால் ஊறிப்போகும். கேம் விளிம்பைச் சுற்றி வழவழப்பான டேப் ஒட்டி, அதன்மேல் மெழுகு தேய்த்தால் சரியாக இருக்கும்.

நாலாம் வகுப்பு டீச்சர்

மெக்கானிக் ஐயா சொன்னதற்கு மேல் பொறி பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் பதிவில் ஒரு வரி என் கண்ணில் பட்டது சார். மகள் முதல் நாளே பறவையைச் செய்து வைத்துவிட்டாள் என்கிறீர்கள். என் வகுப்பிலும் வருடா வருடம் இதுதான் நடக்கும். ஒருவன் பாதி நாள் உட்கார்ந்து பிடரியெல்லாம் வைத்து ஒரு சிங்கம் செய்தான். அழகென்றால் அழகு. அதைத் தூக்க எந்தக் கேமாலும் முடியவில்லை. அவன் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் நான் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் வெறும் பொறி. ஏறுகுச்சியின் மேல் ஒரு சதுர வெள்ளைக் காகிதம், அவ்வளவுதான். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அந்தக் காகிதத்தை எல்லாரும் பார்ப்போம். இது யார் மாதிரி இருக்கிறது என்று கேட்பேன். நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஓரிடத்தில் வெட்டு விழுந்த கேம் இருக்கிறதல்லவா, மெதுவாக ஏற்றி டக்கென்று கீழே போடுமே, அதைப் பார்த்து ஒரு பெண் சுத்தியலால் அடிக்கிற ஆள் என்றாள். பக்கத்திலிருந்தவன் அதே பொறியில் குறுக்கே ஒரு ஐஸ் குச்சியை நடுவில் குண்டூசி குத்தி ஏற்றம் மாதிரி வைத்தான். ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும் அல்லவா? இப்போது காகிதம் மெதுவாகச் சரிந்து, சட்டென்று நிமிர்ந்தது. "டீச்சர், தாத்தா தூங்கி விழுகிறார்!" வகுப்பே சிரித்தது. அந்தப் பொம்மைக்குத் தலையும் மூக்குக்கண்ணாடியும் மட்டும்தான் இருந்தன. வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. நத்தைக் கேமை ஒரு பக்கம்தான் சுற்றலாம். திருப்பிச் சுற்றினால் ஏறுகுச்சி அந்த வெட்டில் மாட்டிக் கேம் கிழியும். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் போகும் மயிற்பொறிக்கு வலம் திருகினால் எழும்பும், இடம் திருகினால் இறங்கும் என்று வசதி இருந்தது. நம் அட்டைக்கு அது கிடையாது. கைப்பிடி பக்கத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி வரைந்துவிடுங்கள். அப்படியும் எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்க்கும் பிள்ளை ஒன்று இருக்கத்தான் செய்யும்.

பொருளுக்கு அலைய வேண்டியதில்லை என்பதற்கு அர்விந்த் குப்தாவையும் சொல்ல வேண்டும். ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையும் வைத்தே முக்கோணத்திலிருந்து வீடு வரை கட்டிக் காட்டியவர். குப்பையிலிருந்து பொம்மை செய்வதைச் சொல்லிக் கொடுத்தவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வால்வ் டியூப் உங்கள் சிறகுக்குக் கீலாகவும் உதவும் சார். டேப்பைவிட நன்றாக மடங்கும்.

அட்டைப்பெட்டி அப்பா

ஐயா, தரையைத் தடவிப் பார்த்தேன். பள்ளம் இருக்கிறது! மகள் அதில் ஒரு பாசிமணியை வைத்துக் காட்டினாள், உருளாமல் நிற்கிறது. மூன்று வாரமாக என் கண்ணில் படவில்லை.

அச்சைத் தூக்கி, கேமை மூன்றடுக்காக மாற்றி, மூடிப் பாதமும் வைத்தாயிற்று. பேனா உடல்தான் குழாய். இப்போது முழுச் சுற்று வருகிறது. ஆனால் இரண்டு புதுத் தொல்லை. ஏறுகுச்சி மேலே போகிறது, கேம் இறங்கும்போது அது கூடவே இறங்காமல் மேலேயே தங்கிவிடுகிறது. இன்னொன்று, ஏறி இறங்கும்போதே பறவை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மகளுக்கு இது பிடித்திருக்கிறது, கோபித்துக்கொள்கிற பறவை என்கிறாள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. சிறகும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கம்பிவளைவு

கேமே வேண்டாம் என்கிற கட்சி நான். பழைய குடையின் கம்பியோ கட்டுக்கம்பியோ எடுத்து, அச்சின் நடுவில் ப வடிவத்தில் ஒரு மடிப்பு மடியுங்கள், 8 மி.மீ. ஆழத்துக்கு. அதே 16 மி.மீ. ஏற்றம் கிடைக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, ஒரு முனையில் வளையம் வளைத்து அந்த மடிப்பில் மாட்டி, மறுமுனையை ஏறுகுச்சியின் அடியில் இன்னொரு தளர்ந்த வளையமாகக் கட்டுங்கள். இது தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். மேலே தங்குகிற பேச்சே இல்லை. பறவையும் முதுகைக் காட்டித் திரும்பாது.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926-இலிருந்து 1931 வரை பாரிஸில் செய்த குட்டி சர்க்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி, தக்கை, துணித்துண்டு, நூல். பிற்காலத்தில் காற்றில் மிதக்கும் பெரிய பெரிய சிற்பங்கள் செய்த கை, அதற்கு முன் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அட்டையை அடுக்கி ஒட்டி ஒரு நாள் காயவைக்கும் நேரத்தில் கம்பியில் மூன்று பொம்மை முடித்துவிடலாம்.

மடிக்கும்போது ஒரே ஒரு கவனம். மடிப்புக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கம்பி ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மேசையில் உருட்டிப் பாருங்கள். தத்தினால் கோணல்.

மிஷின் மெக்கானிக்

கம்பிக்காரர் சொல்வது நியாயம்தான். அந்த மடித்த கம்பி அச்சைக் கிராங்க் என்போம், இந்தப் பறவைக்கு அதுவே போதும். ஆனால் கேமே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிராங்க்குக்கு ஒரே பேச்சுதான் தெரியும், மேலே கீழே, மேலே கீழே. கேமில் நாம் நினைத்ததைச் சொல்ல வைக்கலாம். அடிநூலைச் சுமந்து போகும் ஷட்டில் படகு மாதிரி நீளமாக இருந்த பழைய மிஷின்களில், பாபினில் நூல் சுற்றும் இடத்தில் இதய வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். நூலை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஒரே வேகத்தில் கொண்டுபோய்ச் சீராகச் சுற்ற வைப்பது அதுதான். அட்டையில் செய்ய ஆசையிருந்தால், ஒரு புள்ளியிலிருந்து 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டில் 20 மி.மீ., அடுத்ததில் 22, அப்புறம் 24 என்று ஏழாவது கோட்டில் 32 வரை ஏற்றி, அதே மாதிரி இறக்கிக்கொண்டே வந்து புள்ளிகளைச் சேர்த்தால் இதயம் வந்துவிடும். ஆனால் பறவைக்கு அதைப் போடாதீர்கள். ஒரே வேகத்தில் ஏறி இறங்கினால் மிஷின் மாதிரி இருக்கும். தள்ளித் துளையிட்ட வட்டம் உச்சியிலும் அடியிலும் கொஞ்சம் தயங்கும், நடுவில் வேகமாகப் போகும். அந்தத் தயக்கத்தில்தான் உயிர் தெரிகிறது.

ஸ்விட்சர்லாந்தில் கடிகாரம் செய்யும் ழாக்கே-துரோ குடும்பத்தார் 1768-க்கும் 1774-க்கும் நடுவில் செய்த எழுதும் சிறுவன் பொம்மை இன்றும் நியூஷாடெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 6,000 பாகம். இறகுப்பேனாவை மையில் தொட்டு 40 எழுத்து வரை எழுதும். முதுகுக்குள் கேம் கேமாக அடுக்கியிருக்கிறது. கிராங்க் வைத்து ஓர் எழுத்தாவது எழுதட்டும், பார்க்கிறேன்.

சரி, உங்கள் தொல்லை. மேலேயே தங்குவதற்குக் காரணம் பறவை லேசு. குச்சி கீழே வரவேண்டுமானால் உராய்வைவிட எடை கூடுதலாக இருக்க வேண்டும். மூடிப் பாதத்துக்குள் இரண்டு இரும்பு வாஷரையோ பழைய நட்டையோ ஒட்டுங்கள். எடை அடியில் இருக்கட்டும், மேலே வைத்தால் ஆடும். ரப்பர் பேண்ட் போட்டு இழுக்கலாமா என்று தோன்றும். போடாதீர்கள், மேலே போகப் போக இழுவிசை கூடி, கைப்பிடி ஒரு பக்கம் கனமாக இருக்கும்.

பறவை திரும்புவதற்குக் காரணம், கேம் மூடியின் நேர் நடுவில் தொடவில்லை. ஒரு ஓரமாக உரசிக்கொண்டே போவதால் மூடி சுழல்கிறது. கேமை அச்சின்மேல் இடமோ வலமோ நகர்த்தி மூடியின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் மகளுக்குப் பிடித்திருக்கிறது என்றால் நான் நகர்த்த மாட்டேன்! மூடியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றாக இரண்டு கேம், ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும்படி கோத்தால், பறவை ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பும், அடுத்த முறை அந்தப் பக்கம் திரும்பும். கோபித்துக்கொண்டு சமாதானமும் ஆகும்.

சிறகுக்கு நூல் உதவாது. நூல் இழுக்கும், தள்ளாது. சிறகு உடலோடு சேரும் இடத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு துளை போடுங்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி நேராகக் கீழே வந்து பெட்டிக் கூரையில் மாட்டட்டும். இரண்டு முனையிலும் வளையம் தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கி முறுக்கிவிடாதீர்கள். உடல் ஏறும்போது கம்பி சிறகைப் பிடித்துக்கொள்வதால் சிறகு கீழே அடிக்கும். உடல் இறங்கும்போது சிறகு மேலே போகும். நிஜப் பறவையும் சிறகைக் கீழே அடிக்கும்போதுதானே எழும்புகிறது? 16 மி.மீ. ஏற்றத்துக்குச் சிறகு மேலே 23 பாகை, கீழே 23 பாகை என்று போய்வரும். சிறகின் நீளம் 9 செ.மீ. என்றால் நுனி 7 செ.மீ. வீசும். அதற்காகத்தான் 8 மி.மீ. தள்ளல் போதும் என்றேன். துளையை உடலுக்கு இன்னும் பக்கத்தில் போட்டால் வீச்சு கூடும், ஆனால் கம்பி மேல் பாரம் ஏறி அட்டை கிழியும். 2 செ.மீ.-இல் தொடங்குங்கள்.

இதில் திரும்புகிற பறவை ஆகாது. கூரையில் கம்பி மாட்டிவிட்டால் உடல் திரும்ப முடியாது. சிறகா கோபமா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி அப்பா

கேட்டேன் ஐயா. இரண்டும் வேண்டுமாம்.

அதனால் பெட்டியின் இடப்பக்கம் காலியாகக் கிடந்ததே, அங்கே இரண்டு கேம் வைத்து ஒரு பூனையைத் திருப்பிவிட்டோம். பூனை பறவையைப் பார்க்கும், அப்புறம் எதுவும் தெரியாத மாதிரி அந்தப் பக்கம் பார்க்கும். இதற்காக நடுத்தடுப்பில் துளை போட்டு அச்சை நீட்ட வேண்டியதாயிற்று. ஒட்டு போடவில்லை, பழைய குடையின் நடுத்தண்டு வேண்டிய நீளத்துக்குக் கிடைத்தது. இரும்பு, வளையவே இல்லை. தடிமன் 8 மி.மீ. இருந்ததால் கேம் எல்லாவற்றையும் மறுபடி வெட்டினேன். நாலாவது ஞாயிறும் போய்விட்டது.

சிறகு அடிக்கிறது. முதல் தடவை முழுதாக அடித்தபோது நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை, அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். டீச்சர் சொன்ன வால்வ் டியூப் கீல்தான் போட்டிருக்கிறோம். அம்புக்குறியும் வரைந்தோம், நத்தைக் கேம் எதுவும் இல்லாவிட்டாலும்.

ஒன்று மட்டும் பாக்கி. சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை "கீச்" என்று சத்தம் வருகிறது. வலப்பக்கச் சுவரில், கைப்பிடி பக்கம். மெழுகு தேய்க்கப் போனேன், மகள் கையைப் பிடித்துவிட்டாள். பறவை கத்துகிறதாம்.

மிஷின் மெக்கானிக்

சுற்றுக்கு ஒரு முறைதான் என்றால் தண்டில் ஏதோ ஓரிடத்தில் பிசிர் இருக்கிறது, அது சுவர்த்துளையில் உரசுகிறது. நாளாக நாளாக அட்டைத்துளை பெரிதாகிவிடும். சத்தம் இருக்கட்டும், துளைக்கு வெளிப்பக்கம் பாட்டில் மூடி ஒன்றில் தண்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு வளையமாக ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக்கில் உரசினாலும் கத்தும், குரல் கொஞ்சம் மாறும்.